தீபாவளிக்கு அப்புறம் தண்ணீரைக் குறையுங்கள்: ஆர்க்கிட் வளரும் கணக்கும் பூக்கும் கணக்கும்

பர்மாவில் எங்கள் ஊரான மோல்மீனில் சித்திரை வெயில் உச்சத்தில் இருக்கும்போது, திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டி, ஒரு சாயங்காலம் காற்று சட்டென்று திரும்பி ஒரு மழை கொட்டும். அந்த மழை பெய்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலையில் எங்கள் தெருவில் பலா மரத்திலும் மாமரத்திலும் கட்டிவிட்ட புறா ஆர்க்கிட் எல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். எதிர்வீட்டில் பூக்கும், கோயில் மதில் ஓரத்து மரத்தில் பூக்கும், கவனிக்க ஆளே இல்லாத பழைய வீட்டு வாசலிலும் பூக்கும். வாசனை தெருமுனை வரை வரும். சாயங்காலத்துக்குள் வாடிவிடும், மறுநாள் தேடினால் துவண்ட இதழ்தான் இருக்கும்.

இதற்கு டென்ட்ரோபியம் குருமெனாட்டம் என்று பெயர். மொட்டை முன்கூட்டியே கடுகளவில் செய்து வைத்துக்கொண்டு காத்திருக்கிற செடி. மழை வந்து காற்றின் வெப்பம் ஐந்தரை டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சட்டென்று இறங்கினால்தான் அந்த மொட்டு விழித்துக்கொள்ளும். அதாவது அதை எழுப்புவது குளிர்ச்சிதான், வாளி வாளியாக நாம் ஊற்றுகிற தண்ணீர் இல்லை. ஊர் முழுக்க ஒரே நாளில் பூப்பதால் ஒரு செடியின் மகரந்தம் இன்னொரு செடிக்குப் போய்ச் சேருகிறது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆர்க்கிட் பூக்கவில்லை என்று வருகிறவர்கள் எல்லாரும் என்ன உரம் போடலாம் என்றுதான் கேட்கிறார்கள். மழைக்காலத்தில் அந்தச் செடிக்கு என்ன கொடுத்தீர்கள், பனிக்காலத்தில் எதை நிறுத்தினீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலான வீடுகளில் எதையும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். நம் பக்கத்து ஆர்க்கிட்டுகளில் பலவும் காயப்போட்டால்தான் பூக்கும், அதைத்தான் இங்கே விளக்கப்போகிறேன்.

முதலில் வேரைப் பாருங்கள்

ஆர்க்கிட்டுக்கு பர்மிய மொழியில் தித்-குவா என்று பெயர், மரக்கிளை பிரியும் கவட்டை என்று பொருள். செடி எங்கே வாழ்கிறது என்பது பெயரிலேயே இருக்கிறது. மரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால் நம்மவர்கள் சிலர் இதைப் புல்லுருவி என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். புல்லுருவி மரத்துக்குள் வேர்விட்டுச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தைப் பிடிமானத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் தொற்றுத்தாவரம். அதன் சாப்பாடு மழையில் கரைந்து வருகிற தூசியும் இலைச்சருகும் பறவை எச்சமும்தான்.

ஒரு வேரைக் கிட்டே வைத்துப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது சாம்பல் பூசின மாதிரி வெள்ளையாக இருக்கும். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கண்ணெதிரே அந்த இடம் பச்சையாக மாறும். வெளியே இருப்பது வெலமென் என்கிற பஞ்சு மாதிரியான உறை. உயிரில்லாத வெற்று அறைகளால் ஆனது, தண்ணீர் பட்டதும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நிரம்பியதும் கண்ணாடி மாதிரி ஆகிவிடுவதால் உள்ளே இருக்கிற பச்சை தெரிகிறது. ஊற்றலாமா வேண்டாமா என்று யாரையும் கேட்க வேண்டாம், வேர் வெள்ளையாக இருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் போதும். எப்போதும் பச்சையாகவே வைத்திருந்தால் காற்றுப் போகாமல் அழுகும். அழுகின வேரை விரலால் இழுத்தால் உறை கழன்று, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும்.

அதனால்தான் மண் ஆகாது. தோட்ட மண்ணில் வைத்து இரண்டு மாதத்தில் கொன்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுப்புக்கரித் துண்டும் உடைந்த ஓட்டுச்சில்லும் போதும். தேங்காய் மட்டை மலிவு, ஆனால் எங்கள் ஊர் மாதிரி ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற இடத்தில் (சென்னையில் பெய்வதைப் போல மூன்று மடங்கு) மட்டை ஆடி மாதத்துக்குள் சேறாகிவிடும். மட்டைதான் கிடைக்கிறது என்றால் சில நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, அதன் கறையும் உப்பும் போனபிறகு, பாதிக்குப் பாதி கரியோடு கலந்து வையுங்கள்.

இன்னொன்று, உங்களிடம் இருப்பது எந்த மாதிரி நடக்கிற செடி என்று தெரிய வேண்டும். டென்ட்ரோபியம், தஸின் என்கிற பர்மிய வெள்ளை ஆர்க்கிட் போன்றவை பக்கவாட்டில் நடக்கும். வருடத்துக்கு ஒரு புதுத் தண்டு அடியிலிருந்து முளைக்கும், பழைய தண்டு தண்ணீரும் சாப்பாடும் சேர்த்து வைக்கிற குதிர் மாதிரி பக்கத்தில் நிற்கும். வாண்டா, ஃபலினாப்சிஸ் போன்றவை மேலேயே ஏறும், அவற்றுக்குக் குதிர் கிடையாது. குதிர் உள்ள செடி தண்ணீர் இல்லாத காய்ச்சலை மாதக்கணக்கில் தாங்கும், இல்லாத செடி தாங்காது. நான் கீழே காயப்போடச் சொல்வதெல்லாம் குதிர் உள்ளதற்குத்தான், அதை வாண்டாவுக்குச் செய்து கெடுத்துவிடாதீர்கள்.

மழைக்காலம் சேர்க்கிற காலம்

வைகாசியில் மழை பிடித்தால் ஐப்பசி வரைக்கும் விடாது. புதுத் தண்டு எழும்பி நீள்வது இந்த ஐந்தாறு மாதத்தில்தான். பின்னால் எத்தனை பூ வரும் என்பது இப்போது தண்டு எவ்வளவு தடிமனாகிறது என்பதைப் பொறுத்தது. எனவே சாப்பாடு இப்போதுதான் கொடுக்க வேண்டும். பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவில் கால் பங்கு போட்டுக் கரைத்து, வாரம் ஒருமுறை, மழை விட்ட காலையில் தெளியுங்கள். ஒரே தடவையாக நிறையப் போட்டால் மழையில் அடித்துக்கொண்டு போய்விடும், இல்லையென்றால் வேர் நுனி கருகும்.

ஆடி ஆவணியில் மோல்மீனில் தண்ணீர் ஊற்றவே தேவையில்லை, அழுகலைத்தான் கவனிக்க வேண்டும். செடிகளை நெருக்கி வைக்காதீர்கள், காற்று நடுவில் புகுந்து போகிற மாதிரி தொங்கவிடுங்கள். குருத்தில் தண்ணீர் தேங்கி இலை அடியில் கறுப்பு விழுந்தால் அன்றைக்கே வெட்டுங்கள், நாளைக்கு என்று விட்டால் செடி போய்விடும். பிளேடைத் தீயில் காட்டி, கறுப்பைத் தாண்டி நல்ல சதை வரைக்கும் வெட்டி, வெட்டின இடத்தில் சமையலறைப் பட்டையைப் பொடி செய்து தடவுங்கள். வேரில் மட்டும் அந்தப் பொடி படக்கூடாது, வேரை உலர்த்திவிடும். நத்தையை ராத்திரி டார்ச் அடித்துக் கையால் பொறுக்குவதுதான் நல்ல வழி.

புரட்டாசி வாக்கில் தண்டின் நுனியைப் பாருங்கள். அதுவரை புது இலை விட்டுக்கொண்டே வந்த நுனி, கடைசியாக ஒரு சின்ன இலை விட்டு நின்றுவிடும். அதற்கு அப்புறம் தண்டு நீளாது, பெருக்கும். அந்தக் கடைசி இலையைப் பார்த்ததும் தழைச்சத்து உரத்தை நிறுத்திவிடுங்கள்.

தாகம் காட்ட வேண்டிய காலம்

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், அத்தை மூன்று மாதம் ரங்கூனில் மகள் வீட்டில் இருந்தார். பலா மரத்தடியில் அவருடைய டென்ட்ரோபியம் அஃபில்லம் ஒரு கூடை நிறையத் தொங்கிக்கொண்டிருந்தது. கார்த்திகையில் அதன் இலை ஒவ்வொன்றாகப் பழுத்து விழ ஆரம்பித்தது. செடி சாகிறது என்று பயந்து காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன், யூரியாவும் கரைத்து ஊற்றினேன். செடி பச்சையாக, தளதளவென்று ஆனது, எனக்கு அவ்வளவு சந்தோஷம். மாசியில் அத்தை திரும்பி வந்து கூடையைக் கையில் இறக்கி வைத்து ஒவ்வொரு கணுவாகத் தடவிப் பார்த்தார். “தம்பி, பூ வர வேண்டிய கண்ணிலெல்லாம் குட்டி வந்திருக்கேப்பா. இலை கொட்டுனா அது தூங்குதுன்னு அர்த்தம். தூங்குறப்ப எழுப்பி சோறு ஊட்டிட்டியே” என்றார். அந்த வருடம் ஒரு பூ கூட இல்லை. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான், ஏனென்றால் அடுத்த வருடம் அந்தக் கூடையில் நூறு பூவுக்கு மேல் எண்ணினேன்.

நடந்தது இதுதான். தண்டின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு கண் இருக்கிறது, அது பூவாகவும் ஆகலாம், குட்டிச்செடியாகவும் ஆகலாம். மழை நின்று, ராத்திரி குளிர்ந்து, வெயில் நன்றாக விழுந்து, தண்ணீரும் தழைச்சத்தும் இல்லாமல் போனால் அந்தக் கண் பூப் பக்கம் திரும்பும். இல்லை, மழைக்காலம் இன்னும் முடியவில்லை என்று அதற்குத் தோன்றும்படி நாம் ஊற்றிக்கொண்டே இருந்தால் குட்டி விடும். அஃபில்லம் என்றாலே இலையற்றது என்று அர்த்தம், இலை உதிர்ந்து வெறும் குச்சியாகத் தொங்குவதுதான் அதன் இயல்பு.

என் கணக்கு பண்டிகையை வைத்துத்தான், மறக்காது. தீபாவளி கழிந்ததும் தண்ணீரைப் பாதியாகக் குறைப்பேன். கார்த்திகை தீபத்துக்கு அப்புறம் இலை உதிர்க்கிற வகைக்கு ஊற்றுவதையே நிறுத்திவிடுவேன், பனி விழுவதே போதும். தண்டில் மேலோட்டமாகச் சுருக்கம் விழும், அதற்குப் பயப்படாதீர்கள். சுருக்கம் ஆழமாகி, தண்டு வற்றல் மாதிரி ஆகிறது என்றால் மட்டும் காலையில் ஒருமுறை லேசாகத் தெளியுங்கள். பச்சை வலைக்குக் கீழே இருந்தால் வெளியே நகர்த்துங்கள், இந்த இரண்டு மாதம் எவ்வளவு வெளிச்சம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. குச்சியாகிவிட்டதே என்று வெட்டி எறிந்துவிடாதீர்கள், பூ அந்தக் குச்சியில்தான் வரும்.

தைப்பூசம் முடிந்து பார்த்தால் கணுவில் ஊசிமுனை மாதிரி ஒரு பச்சை தெரியும். அது பூவா குட்டியா என்று முதல் வாரம் சொல்ல முடியாது. உருண்டு இரண்டு மூன்றாகப் பிரிந்தால் மொட்டு, தட்டையாகக் கூர்ந்து அடியில் வேர் முளைத்தால் குட்டி. பட்டாணி அளவுக்கு மொட்டு வந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தொடங்கலாம். பங்குனி உத்திரத்துக்கு அந்த இளஞ்சிவப்பும் வெண்மஞ்சள் உதடுமாக மேலிருந்து கீழ் வரை சரமாகத் தொங்கும். அதே சமயத்தில் டென்ட்ரோபியம் லிண்ட்லியை என்கிற இன்னொரு வகை பொன்மஞ்சளாகக் கொத்துவிடும், ஆனால் அது இலை உதிர்க்காது, அதற்குத் தண்ணீரைக் குறைத்தால் போதும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. மலையிலிருந்து வருகிற எல்லா வகையும் கீழே பூக்காது. டென்ட்ரோபியம் நோபிலேவுக்குக் காய்ச்சல் மட்டும் போதாது, நல்ல குளிர் ராத்திரிகளும் வேண்டும். பியின் ஊ லுவினிலும் கலோவிலும் அது கொத்துக் கொத்தாகப் பூக்கும், அந்த ஊர்கள் 1,000 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. நம் ஊர் மார்கழிக் குளிரை நம்பி வாங்கினால் குட்டியாகத்தான் விட்டுக்கொண்டிருக்கும். ஷான் மலையின் நீல வாண்டாவும் அப்படித்தான், அந்த நீலத்தைப் பார்த்து யாருக்கும் ஆசை வரும், ஆனால் கீழ்நாட்டுச் சூட்டில் அது வருடா வருடம் மெலிந்துகொண்டே போகும். நம் பக்கத்துக்கே உரிய வகைகள் இருக்கும்போது அதைச் சிரமப்படுத்த வேண்டாம். 1850களில் மோல்மீனுக்குப் பாதிரியாராக வந்த சார்லஸ் பாரிஷ் என்கிற ஆங்கிலேயர் இந்தச் சுற்றுவட்டக் காடுகளில் ஆர்க்கிட் தேடி, வரைந்து, லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். டென்ட்ரோபியம் பாரிஷியை என்று அவர் பெயரிலேயே ஒரு செடி இருக்கிறது. வெறும் குச்சியில் ஊதாப் பூ, உதட்டின் உள்ளே இரண்டு கருஞ்சிவப்புத் திட்டு. இதற்கும் அஃபில்லத்துக்குச் சொன்ன அதே கவனிப்புதான்.

தஸினைச் சொல்லாமல் பர்மாவில் ஆர்க்கிட் பேச முடியாது. பல்போஃபில்லம் ஆரிகோமம் என்கிற இந்தச் சின்ன வெள்ளைப் பூ அரசர் காலத்தில் அரண்மனைப் பூ, இன்றைக்கும் பர்மியப் பெண்கள் கல்யாணத்தில் கொண்டையில் சுற்றிக்கொள்வார்கள். பர்மியர் நதோ மாதத்துப் பூ என்பார்கள், நம் மார்கழியை ஒட்டி வரும். இதுவும் இலையை உதிர்த்துவிட்டுத்தான் பூக்கும். இதன் குதிர் சின்னக் குமிழ்தான், அதனால் மற்றவை அளவுக்குக் காய்ச்சல் தாங்காது, ஒரு மரப்பலகையில் கொஞ்சம் தேங்காய் நாரோடு கட்டித் தொங்கவிட்டு, பனிக்காலத்திலும் வாரம் ஒருமுறை நனைத்துவிடுங்கள்.

குதிர் இல்லாத இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாண்டாவுக்குத் தினமும் தண்ணீர், நிறைய வெளிச்சம். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, மஞ்சளடித்தால் அதிகம், இளம்பச்சைதான் சரி. பஜாரில் தொட்டியோடு விற்கிற ஃபலினாப்சிஸ், ராத்திரி வெப்பம் இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே சில வாரம் தொடர்ந்து இறங்கினால் பூந்தண்டு விடும். பனிக்காலத்தில் அதை மூடின அறைக்குள் வைக்காமல் வராந்தாவில் வையுங்கள், அதுவே போதும். புதிதாக முளைப்பது வேரா பூந்தண்டா என்று தெரியவில்லை என்றால் நுனியைப் பாருங்கள், வேர் நுனி மொழுமொழுவென்று உருண்டிருக்கும், பூந்தண்டின் நுனியில் ஒரு பக்கமாகச் சின்ன மடிப்பு இருக்கும்.

பூ வந்தபிறகு ஒன்றைப் பறித்துக் கையில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். வெளியே மூன்று, உள்ளே மூன்று, அந்த உள் மூன்றில் ஒன்றுதான் உதடாக மாறி வண்டு உட்காரத் திண்ணை ஆகியிருக்கிறது. மொட்டில் இந்த உதடு மேலே இருக்கும், விரிவதற்கு முன்னால் காம்பு அரைச்சுற்று முறுக்கிக்கொண்டு அதைக் கீழே கொண்டுவரும். காம்பில் அந்த முறுக்குக் கோடு தெரியும். நடுவில் இருக்கிற சின்னத் தூணில் ஆணும் பெண்ணும் ஒன்றாக இருக்கின்றன. அதன் நுனித் தொப்பியை ஈர்க்குச்சியால் மெல்லத் தூக்கினால் மகரந்தம் தூளாக வராது, மஞ்சள் மணி மாதிரிக் கட்டியாக ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தூணுக்குக் கீழேயுள்ள பசைக்குழியில் வைத்தால் பூ சீக்கிரம் வாடிக் காயாகத் தொடங்கும். மகரந்தம் சேராத பூதான் வாரக்கணக்கில் நிற்கிறது, எனவே காய் பிடிக்க வைத்துச் செடியைக் களைப்பாக்க வேண்டாம்.

காயை உடைத்தால் லட்சக்கணக்கில் விதை, மாவு மாதிரி. நெல்லுக்குள் இருக்கிற மாதிரி உள்ளே சாப்பாடு ஒன்றும் கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும், இதை 1899இல் நோயல் பெர்னார் என்கிற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். 1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரை கலந்த அகரில் (கடற்பாசிக் கூழில்) முளைக்க வைத்துக் காட்டினார், பஜாரில் இன்றைக்குக் கலப்பினத் தொட்டிகள் குவிந்திருப்பது அதனால்தான். காட்டில் விழுந்த விதை பூக்க வருடக்கணக்கு ஆகும். ஆகவே மரப்பட்டையோடு பிய்த்த, வேர் அறுந்த, பல அளவில் கலந்து கட்டின காட்டுச் செடிகளை வாங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் வளர்த்துப் பிரித்துக் கொடுப்பவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள், ஒரு குட்டி கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள்.

குட்டி கிடைத்தால் சித்திரையில், முதல் மழைக்கு முன்னால் மரத்தில் கட்டுங்கள். மா, பலா மாதிரி சொரசொரப்பான பட்டை நல்லது, கொய்யா தோல் உரிக்கிற மரம், அதில் நிற்காது. பழைய லுங்கியைக் கிழித்து ஆடாமல் இறுக்கிக் கட்டுங்கள், ஆடினால் புது வேர் நுனி பட்டையில் உரசி உடையும். பூ முடிந்த பெரிய செடிக்கும் இதேதான் நேரம். அடியில் புதுமுளை வந்து, அதன் வேர் இரண்டு விரற்கடை நீளும் வரை பொறுத்திருங்கள், அதற்குப் பிறகு தாராளமாக ஊற்றுங்கள்.